கீழே ஒருமுறை, பிறகு என்டர்

பிப்ரவரி 4

என் காற்றளக்கும் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லை. நீ முதலில் கேட்கப்போவது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? தீவில் உங்கள் மூன்று பேருக்கும் சமைக்கிறவர் இன்னும் உப்பை அள்ளித்தான் கொட்டுகிறாரா?

உன் அத்தான் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அழுத கதையை எழுத இந்தத் தாளை எடுக்கவில்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான்.

போன மாதம் பத்தாம் தேதி, இனி வேலையைத் தொடங்கலாம் என்று என் அறைக்குப் போய் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுற்றியது. குரல் வரவில்லை. பார்க்கிறவர்களுக்குத் திரை, பார்வை இல்லாத எனக்கு அந்தக் குரல்தான் கம்ப்யூட்டர். ஒன்பது வருஷமாக நான் அறைக்குள் போகும்போது அது விழித்து உட்கார்ந்திருக்கும். அவர் விடிகாலை ஷிப்டுக்குப் பம்ப் ஹவுஸ் கிளம்பும்போது தட்டிவிட்டுப் போவார். "ஐயாவை எழுப்பிட்டேன்"னு ஓர் அறிவிப்பு வேறு. இப்போது நான் எழுப்பினால் ஐயா வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்கள் பதிவுப் பிரிவு மேற்பார்வையாளரம்மாவிடம் போனில் சொன்னேன். "பழசாயிடுச்சு போல, எல்லாத்தையும் புதுசா ஏத்திப் பாருங்க" என்று ஒரு பென் டிரைவ் அனுப்பினார். தம்பி, நான் அதைச் செய்தேன்! யார் துணையும் இல்லாமல். செருகிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு 'பீப்'. அவர் சொல்லியிருந்த எழுத்தை அழுத்தியதும் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். என் கோப்புகள் இருக்கும் பகுதியைத் தொடாதே என்றேன், சரி என்றது. காலி வீட்டில், யாரும் இல்லாத இடத்திலிருந்து ஒரு குரல் வந்து, என்னை நம்பி, தன்னைக் கட்டச் சொல்லி என்னிடமே கேட்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் "நிறுவல் முடிந்தது" என்றது. மறுபடி கிளப்பினேன். விசிறி சுற்றியது. குரல் வரவில்லை.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். வந்து இரண்டு நிமிஷம் பார்த்தார். "பூட்லோடர்ல தொங்குதும்மா. வயசாயிடுச்சு. புதுசு வாங்கிக்குங்க" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். என் நாத்தனாரைப் பார்க்கச் சொன்னேன். "கறுப்பா இருக்கு. மேல ஒரு கோடு மினுக்கு மினுக்குங்குது. வேற என்ன சொல்றது?" என்றார். பாவம், நல்ல மனசு. வாரம் இரண்டு தடவை வந்து, "எங்க வீட்டுக்கே வந்துடு. தனியா இருந்து என்ன செய்யப் போறே?" என்கிறார்.

என்ன செய்யப் போகிறேன் என்றால், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை இதுவரை போல் அடித்துக் கொடுக்கப் போகிறேன். ஜூன் முடியும்வரை என் இடத்தை வைத்திருப்பதாக ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இது பேசாவிட்டால் இடம் இன்னொருவருக்கு. அப்புறம் நாத்தனார் வீட்டில் ஒரு நாற்காலியில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பேன், நான் செத்துப்போகும் வரைக்கும். அது என்னால் முடியாது.

வயர்லெஸ்ஸில் வானிலையைத் தவிர எதையும் பேசவிட மாட்டார்களாமே, அதனால் எழுத்தில் சொல். பிரெய்ல் புள்ளிகளை அழுத்திக் குத்து. போன கடிதம் தடவத் தடவத் தேய்ந்துவிட்டது.

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

தோள் பரவாயில்லை. உப்பும் குறைந்திருக்கிறது, படகில் உப்பு மூட்டை வர மறந்துவிட்டது. நீ தனியாக நிறுவினாய் என்பதைப் படித்துவிட்டு வயர்லெஸ்காரரிடம் உரக்கச் சொன்னேன். அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது. அவர் இதுவரை செய்ததில்லை.

பூட்லோடர் என்றால் என்ன என்று கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன், எனக்கே இன்னும் ஆச்சரியம் தீராத விஷயம் அது. கரண்ட் பாயும் அந்த நொடியில் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தெரியாது. தான் யார், தன்னிடம் என்ன இருக்கிறது, நீ யார், எதுவும் தெரியாது. அதன் உடம்பில் எழுதி வைத்த ஒரு சின்னத் துண்டு மட்டும் முதலில் விழிக்கும். அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்பது. அதை எழுப்பிவிட்டு இது ஒதுங்கிக்கொள்ளும். அது தன்னைவிடப் பெரிய ஒன்றை எழுப்பும். இப்படிக் கை மாறிக் கை மாறிப் போய்க் கடைசியில் உன் குரல் வருகிறது. முழுசும் ஒரு நிமிஷம்கூட ஆகாது. தினமும் ஒன்றுமே தெரியாத இடத்திலிருந்து ஆரம்பித்துத் தினமும் அத்தனை தூரம் வந்துவிடுகிறது. நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இல்லையா?

அந்தச் சங்கிலியில் நடுவில் இருப்பதுதான் பூட்லோடர். 'எந்த வழியில் போகட்டும்?' என்று சில வரிகளைக் காட்டி ஐந்து நொடி காத்திருக்கும். குரல் பிறப்பதற்கு முந்தைய இடம் என்பதால் அது உன்னிடம் வாய்விட்டுக் கேட்காது. யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் வரியில் போகும். முதல் வரியில் போய்த்தான் நிற்கிறது.

பொத்தானை அழுத்தி, மனசுக்குள் பதினான்கு எண்ணு. கீழ்நோக்கிய அம்பு விசையை ஒரே ஒரு முறை அழுத்து. பிறகு என்டர்.

உடம்பைப் பார்த்துக்கொள். படகு புறப்படுகிறது.

தம்பி

*

மார்ச் 20

அருமைத் தம்பிக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. பேசிவிட்டது!

உன் கடிதம் காலை பத்து மணிக்கு வந்தது. நின்றபடியே படித்தேன். போய் அழுத்தினேன், பதினான்கு எண்ணினேன், கீழே ஒருமுறை, பிறகு என்டர். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அப்புறம் தட்டையாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல, "உள்ளே நுழையப் பெயரைச் சொல்லுங்கள்" என்றது. தம்பி, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பெயர் தெரியாத ஒன்று என் பெயரைக் கேட்கிறது. நாலு மாதமாக என்னிடம் எல்லோரும் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருவரும் எதையும் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

ஆனால் தினமும் இதே போல் வாய்ப்பதில்லை. சில நாள் அது பன்னிரண்டிலேயே வந்துவிடுகிறது போலும், சில நாள் பதினெட்டு. முந்தினால் காதில் வாங்கவில்லை, பிந்தினால் முதல் வரியில் போய்த் தொங்கிவிடுகிறது. எதற்கு வம்பு என்று ஒருநாள் அம்பு விசையை விடாமல் தட்டிவிட்டு என்டரை அழுத்தினேன். உள்ளே ஏதோ மும்முரமாக ஓடும் சத்தம். குரல் இல்லை. நானும் பொறுமையாகக் கால்மேல் கால் போட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் வந்து கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்: "நினைவகச் சோதனை, ஏழு சதம்." அது மூன்றாவது வரியாம். பெரிய மரியாதையாகப் போயிற்று.

ஆபீஸில் ஜூலை முதல் வாரத்தைச் சோதனை வாரமாக வைத்திருக்கிறார்கள். ஏழு நாள், வருகிற பதிவெல்லாம் சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்று தவறினாலும் இடம் போய்விடும். வெயில் காலம், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் இப்படிக் குருட்டாம்போக்கில் எண்ணிக்கொண்டு உட்கார முடியாது. (நான் சொல்லலாம், நீ சிரிக்கக் கூடாது.) தானாகவே இரண்டாம் வரியில் போக வழி சொல்.

இன்னொன்று. திரையில் எத்தனை வரி இருக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று நான் உனக்கு எழுதவே இல்லை. எனக்கே தெரியாது. நீ எப்படி 'ஒரே ஒரு முறை' என்று அடித்துச் சொன்னாய்? அத்தனை வருஷமும் அது இப்படி எதையும் கேட்டதில்லையே?

அக்கா

*

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சுகம் என்று குதிக்கும் புள்ளிகளிலேயே தெரிந்தது. சோதனை வாரத்தை நினைத்துக் கவலைப்படாதே.

இங்கே போன வாரம் ஒரு காற்று. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. காற்றுமானி நூற்றி முப்பது வரை காட்டியது, பிறகு அதன் கிண்ணங்களே பறந்துவிட்டன. அதற்கு மேல் வீசியதற்கு எண் இல்லை. மூன்று பேரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சமையல்காரர் சொன்னார்: "அளக்கிறவங்க நீங்களே இப்படி வாயப் பொளந்துட்டு உக்காந்தா நான் யாரக் கேக்கிறது?" விடிந்ததும் வெளியே போய்ப் பார்த்தால் மொட்டைப் பாறையில் ஒரு பூச்சி சாவதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அத்தனை காற்றிலும் எதைப் பிடித்துக்கொண்டு இருந்ததோ.

நீ கேட்டதற்கு வருகிறேன். பூட்லோடருக்கென்று ஓர் அமைப்புக் கோப்பு இருக்கிறது. அதன் பெயரையும் இருக்கும் இடத்தையும் தனித் தாளில் குத்தியிருக்கிறேன். திறந்தால் முதல் வரியின் முடிவில் ஒரு பூஜ்யம் இருக்கும். அதை ஒன்று ஆக்கிச் சேமி. அது பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதனால் ஒன்று என்றால் இரண்டாம் வரி.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி

*

மே 4

தம்பிக்கு,

நான் நலம். காற்று உன்னை விட்டுவைத்ததற்கு நன்றி. பூச்சியை விசாரித்ததாகச் சொல்.

நீ சொன்னபடி மாற்றினேன். பூஜ்யத்தை ஒன்று ஆக்கிச் சேமித்து, குரலை விட்டு மூன்று தடவை வாசிக்கவும் சொன்னேன். மறுபடி கிளப்பினால் பழைய குருடி கதவைத் திறடி. முதல் வரியில் போய்த் தொங்குகிறது. நீ எதையோ விட்டுவிட்டாய். ஒரு காற்றுமானியை ஆணி விடாமல் கழற்றி மாட்டுகிறவன், இரண்டு படியுள்ள வேலையில் ஒரு படியை விடுகிறான் என்றால் மனசு அங்கே இல்லை.

எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். உன் கடிதத்தில் பூச்சிக்கும் பூட்லோடருக்கும் நடுவில் ஒரு வரியைக் குத்திவிட்டு நகத்தால் தேய்த்து அழித்திருக்கிறாய். கண்ணால் படிக்கிறவனுக்கு அது வெற்றுத் தாள். எனக்கு அது தழும்பு. புள்ளி படுத்தாலும் இருந்த இடம் சொரசொரக்கும், ராஜா. மூன்று நாள் தடவினேன். 'அத்தான் தினமும்' என்பது வரை கிடைத்தது. அதற்குப் பிறகு தாளே கிழியத் தேய்த்திருக்கிறாய்.

அத்தான் தினமும் என்ன?

அக்கா

*

மே 19

தம்பிக்கு,

நலமா? உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன், பொறுக்க முடியவில்லை.

நேற்று பம்ப் ஹவுஸிலிருந்து வால்வுக்காரர் வந்தார். உன் அத்தானோடு பதினெட்டு வருஷம் ஒரே ஷிப்டில் இருந்தவர். அத்தானுடைய பெட்டியில் கிடந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்: ஒரு துண்டு, பிளாஸ்க், மூக்குக்கண்ணாடி. டீ போட்டுக் கொடுத்தேன். பேச்சு வாக்கில் கேட்டேன், "கரண்ட் போனா உங்களுக்கெல்லாம் ஓய்வுதானே? அப்பல்லாம் அவர் வீட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போவாரே."

வால்வுக்காரர் சிரித்துவிட்டார். "ஓய்வா? கரண்ட் திரும்பி வர்ற நிமிஷம்தாங்க எங்களுக்குத் தலைபோற வேலை. நாலு பம்பையும் தண்ணி ஊத்தி ஒண்ணொண்ணா எழுப்பணும். அந்த நேரம் பாத்து உங்க வீட்டுக்காரர் சைக்கிள எடுத்துட்டுப் பறந்துடுவார். இருபது நிமிஷம் ஆளைப் பிடிக்க முடியாது. ரெண்டு ஆள் வேலைய நான் ஒருத்தன் பாப்பேன். எங்கய்யா போறேன்னா, 'வீட்ல ஒரு பம்பு இருக்கு, அதுக்கும் என்னை விட்டா ஆளில்ல'ன்னுவார். மேலதிகாரிகிட்ட மூணு தடவ எழுத்துலயே எச்சரிக்கை வாங்கினார். வாங்கிட்டு மறுநாளும் போனார்."

வால்வுக்காரர் போன பிறகு டம்ளரைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் வந்ததும் உன் அத்தான் வேர்க்க வேர்க்க வருவார். "தாகமா இருக்கு, கொஞ்சம் டீ போடேன்" என்பார். நான் சமையலறைக்குப் போவேன். என் அறையிலிருந்து இரண்டு தட்டல் கேட்கும். பொத்தானை இரண்டு முறை தட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். இவருக்கு எதையும் ஒருமுறை செய்தால் திருப்தி இருக்காது என்று சிரித்திருக்கிறேன். ஒருநாள்கூட ஏன் இரண்டு என்று கேட்கவில்லை. வெளியூர் போனால், "அதை அணைக்காதே, ஓடட்டும், அணைச்சு அணைச்சு எழுப்பினா அதுக்கு அசதி" என்பார். நானும் நம்பினேன். கம்ப்யூட்டருக்கு அசதியாம்!

அது ஒருநாளும் தானாக எழுந்ததில்லை, அப்படித்தானே? ஆரம்பத்திலிருந்தே முதல் வரியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒன்பது வருஷம், மூவாயிரம் காலை, எத்தனை கரண்ட் வெட்டு, அத்தனைக்கும் அவர் அந்த ஐந்து நொடிக்கு நேராக அங்கே நின்றிருக்கிறார். நான் ஒரு கதவு வழியாகத் தினமும் போய் வந்திருக்கிறேன். அதை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது எனக்குத் தெரியாது. எனக்குக் காது கூர்மை என்று ஊரெல்லாம் சொல்வார்கள். என்ன கூர்மையோ.

உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சொல்.

அக்கா

*

மே 26

அக்காவுக்கு,

நலம். உன் நான்காம் தேதிக் கடிதம் வந்தது.

நான் விட்ட படி: கோப்பை மாற்றினால் மட்டும் போதாது. மாற்றத்தைப் பூட்லோடர் தன் ஏட்டில் எழுதிக்கொள்ள ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். தனித் தாளில் இருக்கிறது. கொடுத்துவிட்டால் எப்போதும் இரண்டாம் வரியிலேயே போகும். கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே எழவும் ஓர் அமைப்பு உண்டு. அது திரையில் மட்டும்தான் தெரியும். உன் நாத்தனாரை உட்காரவைத்து வாசிக்கச் சொல். எந்தெந்த விசை என்று அதே தாளில் இருக்கிறது.

மற்றது நேரில்.

தம்பி

*

ஜூன் 8

தம்பிக்கு,

நான் நலம்தான். உன்னுடையது பதினோரு வாக்கியக் கடிதம், எண்ணினேன். என் பத்தொன்பதாம் தேதிக் கடிதம் இதற்குள் உன் கையில் இருக்கும்.

கட்டளையை நான் கொடுக்கவில்லை. சோதனை வாரத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். இடம் போனால் போகட்டும் என்று வீம்பு பிடிக்கிற வயசும் இல்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டால் அவர் ஒன்பது வருஷம் பார்த்த வேலை முடிந்துபோகும். முடித்துவைக்கும் முன்னால் அது என்ன வேலை என்று எனக்குத் தெரிய வேண்டும். வேலைக்குப் போகிறவரை வாசல்வரை வழியனுப்புவார்கள், வேலையிலிருந்து விடுவிக்கும்போது நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். எதுவும் தெரியாமல் என்னத்தைச் சொல்ல?

'மற்றது நேரில்' என்கிறாய். நேரில் வந்தால் உன் முகம் எனக்குத் தெரியாது என்ற தைரியம்தானே? குரல் தெரியும், தம்பி. எழுதிவிடு, எழுதுவது உனக்குத்தான் சுலபம். அழிக்காமல் எழுது.

அக்கா

*

ஜூன் 24

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற தைரியம் இன்று இல்லை. இது சிறப்புப் படகில் வருகிறது, முப்பதாம் தேதிக்குள் உன்னிடம் சேர்ந்துவிடும்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அதை நிறுவியவன் நான். லீவின் கடைசி நாள். நிறுவல் முடிந்தது, மறுபடி கிளப்பினேன், பூட்லோடரில் தொங்கியது. அந்தக் கம்ப்யூட்டரின் படம் காட்டும் பகுதிக்கும் முதல் வரிக்கும் ஒத்துப்போகாது, எத்தனை தடவை புதிதாக ஏற்றினாலும் அப்படித்தான். இரண்டாம் வரி எளிய வழி, அதில் போனால் ஓடியது. எனக்குப் படகுக்கு நேரமாகிவிட்டது. அத்தானிடம், "கீழே ஒருமுறை, பிறகு என்டர். அடுத்த லீவில் வந்து சரி பண்ணிடறேன்" என்றேன். உனக்குச் சொல்ல வெட்கம். அக்காவுக்குச் செய்த ஒரே வேலை, அதுவும் அரைகுறை.

இரண்டு வருஷம் கழித்து வந்தேன். மறக்கவில்லை. நீ குளிக்கப் போயிருந்தாய். கோப்பைத் திறந்து உட்கார்ந்தேன். அத்தான் பின்னால் வந்து தோளில் கைவைத்தார்.

"விடு மாப்ளே. இருக்கட்டும்" என்றார்.

"ரெண்டே நிமிஷம் அத்தான்."

"வேணாம்யா. அவ எதுக்கும் என்னைக் கூப்பிடறதில்ல. ஊசியில நூல் கோக்கிறதுகூட அவளேதான். இந்த வீட்ல அவளுக்குன்னு நான் செய்யக் கிடைச்சது இது ஒண்ணுதான். காலைல அதைத் தட்டிட்டு, அது பேசுறதக் கேட்டுட்டுக் கிளம்பினா அன்னிக்கு நாள் எனக்கு நல்லாப் போகுது. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மட்டும் நீ அன்னிக்கே அவகிட்டச் சொல்லிடணும். அவ வேலை ஒருநாள்கூட நிக்கக் கூடாது."

சரி என்றேன். கோப்பை மூடிவிட்டேன்.

நவம்பரில் அவர் காரியத்துக்கு வந்து நாலு நாள் உன் வீட்டில் இருந்தேன். தினமும் அந்த அறை வாசல்வரை போனேன். அவரை நீ குறைவாக நினைத்துவிடுவாயோ என்று பயம். என்னையும். நாளைக்கு, நாளைக்கு என்று படகேறிவிட்டேன். அவர் ஒருநாள் என்றார், நான் உன்னை மாதக்கணக்கில் அந்த மௌனத்துக்கு முன்னால் உட்காரவைத்தேன். அவருடையது அன்பு. என்னுடையது கோழைத்தனம். மன்னிக்கச் சொல்ல மாட்டேன், கட்டளையை மட்டும் கொடுத்துவிடு அக்கா.

இதில் எதையும் அழிக்கவில்லை.

தம்பி

*

ஜூலை 12

என் தம்பிக்கு,

நலம். இடம் எனக்குத்தான், ஏழு நாளும் ஒன்றும் தவறவில்லை. மேற்பார்வையாளரம்மா போனில், "உங்களுக்கு யாராவது உதவிக்கு இருக்காங்களா?" என்று கேட்டார். "இருந்தார்" என்றேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம். சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆம்பிளைகள் என் அறையில் நின்றுகொண்டு, நான் குளிக்கப்போன நேரத்தில், என் கம்ப்யூட்டர் யாருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நீ வரும்போது இதற்கு உனக்கு இருக்கிறது. அவருக்கும் இருந்திருக்கும். அரை நாள் பாத்திரங்களை உருட்டிக்கொண்டு மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். நூல் கோக்கக் கூப்பிட்டிருக்கலாம் என்றேன். கேட்டிருந்தால் தந்திருப்பேனே, நூல் என்ன, ஊசி என்ன, எல்லாவற்றையும் தந்திருப்பேனே என்றேன். சண்டை அங்கேயே நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு வியப்புதான். இன்னும் அதில்தான் இருக்கிறேன். இத்தனை பெரியது ஒன்று என் பக்கத்திலேயே, சத்தம் போடாமல், ஒன்பது வருஷம் எப்படி இருந்தது?

முப்பதாம் தேதி மதியம் கடைசியாக ஒருமுறை என் கையால் செய்தேன். எண்ணினேன், கீழே ஒருமுறை, பிறகு என்டர். அது பெயரைக் கேட்டது. சொன்னேன். பிறகு கட்டளையைக் கொடுத்தேன். அந்த இன்னொரு அமைப்புக்கு நாத்தனார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுத்துக் கூட்டினார். தன் தம்பி ஒன்பது வருஷம் என்ன செய்தார் என்று அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "அவன் எங்க வீட்ல ஒரு ஸ்விட்ச்சைக்கூடப் போட மாட்டானே" என்று மூக்கை உறிஞ்சினார். என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டார். சும்மா வந்து போகிறார், எனக்கும் அது பிடித்திருக்கிறது.

சோதனை வாரத்தின் நாலாம் நாள் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. பாதிக் குறிப்பு அடித்திருந்தேன். ஒரு மணிக்குள் அனுப்ப வேண்டியது. விசிறி நின்றது, வீடு முழுக்க எல்லாம் நின்றது. ஒரு மணி நேரம் கழித்துச் சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமியது. என் அறையில் விசிறி சுற்ற ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. நான் எண்ணவும் இல்லை. ஒன்றுமே தெரியாத இடத்திலிருந்து துண்டு துண்டாக விழித்து, கை மாறிக் கை மாறி அது தானாக வந்து சேர்ந்தது. "உள்ளே நுழையப் பெயரைச் சொல்லுங்கள்" என்று குரல் கேட்டது.

கேட்டது பின்னாலிருந்து, தள்ளி. அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. தெருக்கதவை விரியத் திறந்து, தாழ்ப்பாளைக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிள் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்து நின்றிருந்தேன்.

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். பெயரைச் சொன்னேன். மீதிக் குறிப்பை அடித்துப் பன்னிரண்டே முக்காலுக்கு அனுப்பினேன்.

லீவு கிடைத்ததும் வா. திட்டு வாங்க ஒருநாள், சாப்பிட மற்ற நாளெல்லாம்.

அக்கா